பீர் கேன் கோழி: கொல்லைப்புற கிரில்லில் முழுக்கோழியைப் புகையில் சுடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று வரும் மெமோரியல் டே தொடங்கி செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே வரை, கொல்லைப்புறங்களில் கரி மணக்காத வாரக்கடைசி கிடையாது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஒரு கிரில் வாங்கிவிடுகின்றன. பர்கரும் மக்காச்சோளமும் சுட்டுப் பழகிய பிறகு, அடுத்ததாகக் கைவைக்க ஆசைப்படுவது பெரும்பாலும் பீர் கேன் கோழியில்தான். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. அமெரிக்கத் தெர்மாமீட்டர்கள் ஃபாரன்ஹீட்டில்தான் காட்டும் என்பதால் வெப்ப அளவுகளை அதிலேயே தந்து, தேவையான இடத்தில் செல்சியஸையும் சேர்த்திருக்கிறேன்.

பீர் கேன் கோழி என்றால் என்ன?

பாதி பீர் நிரம்பிய அலுமினிய கேனின் மேல் ஒரு முழுக்கோழியைச் செருகி, இரண்டு கால்களும் கேனும் சேர்ந்து முக்காலியாகத் தாங்கும்படி நிமிர்த்தி நிறுத்தி, மூடிய கிரில்லுக்குள் மறைமுக வெப்பத்திலும் மரப்புகையிலும் வேகவைப்பது. நெருப்பு கோழிக்கு நேர் கீழே இருக்காது, பக்கவாட்டில்தான் இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் தோல் செம்மரக் கட்டையின் நிறத்துக்கு வந்துவிடும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி என்று தென்மாநிலத்தார் பலரும் இதற்கு உரிமை கொண்டாடுகிறார்கள். பீர் கேனில் அடைக்கப்பட்டு முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1935இல், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில். மூடியுள்ள கொல்லைப்புற கிரில்லுக்கு வழிகாட்டியது 1952. சிகாகோ பகுதியில் மிதவைகள் செய்துவந்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், மிதவைக்கான உலோகக் கோளத்தின் பாதியை அடுப்பாக்கி, அதற்கு மூடியும் காற்றுத்துளையும் வைத்தார். கெட்டில் கிரில் பிறந்தது அப்படித்தான். இந்த இரண்டும் ஒரே கொல்லைப்புறத்தில் சேர்ந்த பிறகு பீர் கேன் கோழிக்கு வேண்டிய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 1978 முதல் டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் நடந்துவரும் ‘மெம்ஃபிஸ் இன் மே’ போன்ற பார்பிக்யூ போட்டிக் களங்களில் 1990களில் இந்தக் கோழி பலர் கண்ணில் பட்டது. அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது.

பீர் ஆவியாகிக் கறிக்குள் ஏறி மென்மையாக்குகிறது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தே அமைவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பீரில் பெரும்பங்கு தண்ணீர். அது கொதித்து ஆவியாக ஏறத்தாழ 212 டிகிரி, அதாவது 100 டிகிரி செல்சியஸ் வேண்டும். கோழி வெந்துமுடிவதோ 165 டிகிரியில், அதாவது 74 செல்சியஸில். கேனைச் சுற்றிலும் கறி கவிந்திருக்கிறது. கேனுக்குக் கீழே நெருப்பு இல்லை, வடியும் கொழுப்பைப் பிடிக்கும் சொட்டுத்தட்டுதான் இருக்கிறது. ஆகவே கேனுக்குள் போகும் வெப்பமெல்லாம் கோழியின் உட்புறத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். உட்புறமே 165ஐத் தொட்டதும் நாம் கோழியை இறக்கிவிடும்போது, அதற்கும் உள்ளே இருக்கும் பீர் எப்படி 212ஐத் தொடும்? பீர் தளதளவென்று கொதித்திருந்தால் அதைச் சுற்றியுள்ள கறி வெந்து, வறண்டு, நாராகப் போயிருக்க வேண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செருகுவதற்கு முன் கேனை எடை போடுங்கள், கோழி இறங்கிய பிறகு மறுபடியும் போடுங்கள். பீர் ஏறத்தாழ அப்படியே இருக்கும். கோழியிலிருந்து வடிந்த கொழுப்பும் சாறும் சேர்ந்து எடை கூடியிருந்தாலும் வியப்பில்லை.

கொஞ்சம் ஆவி எழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். பச்சைக் கறியில் ஏற்கெனவே முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான் இருக்கிறது. வெளியிலிருந்து ஆவி ஏறி அதற்கு ஈரம் கூட்டுவதற்கு இடமே இல்லை. கோழி வறண்டுபோவதற்குக் காரணம் அளவுக்கு மீறி வேகவைப்பது. அதைத் தடுப்பது தெர்மாமீட்டர். கேனுக்குள் பூண்டும் ரோஸ்மேரியும் போடுவதும் இதே கணக்குதான். அவற்றின் மணம் கேனுக்குள்ளேயே தங்கிவிடும்.

அப்படியானால் இந்தக் கோழி ஏன் இவ்வளவு ருசியாக இருக்கிறது?

நிமிர்ந்து நிற்பதால். படுக்கவைத்துச் சுடும் கோழியின் முதுகுத்தோல் கம்பியிலோ தட்டிலோ அழுந்தி, தன் கொழுப்பிலேயே ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. நிற்கும் கோழியின் தோல் ஓரிடத்திலும் எதன்மீதும் படுவதில்லை. சூடான காற்றும் புகையும் நாற்புறமும் சுழல்கின்றன. உருகும் கொழுப்பு தோலின் வழியாகவே கீழே வழிந்து போகிறது. இதோடு முந்தின நாளே போட்ட உப்பு, நன்றாக உலர்ந்த தோல், அளவான புகை ஆகியவையும் சேர்ந்தால் ருசிக்குக் குறைவிருக்காது. இவற்றில் எதிலும் பீருக்குப் பங்கு இல்லை.

கேனே இல்லாமல் நிறுத்தலாமா?

தாராளமாக. கம்பியால் செய்த கோழித் தாங்கிகள் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கின்றன. என் கணிப்பில் அவை கேனைவிட மேல். குளிர்ந்த பீரோடு ஒரு கேன் உள்ளே இருந்தால் அது கோழியின் உட்புறத்தைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வேகக் காத்திருக்கும் நேரத்தில் வெளியே நெஞ்சுக்கறி முற்றிவிடும். கம்பித் தாங்கியில் சூடான காற்று வயிற்றுக்குழிக்குள்ளும் நுழைந்து இரண்டு பக்கமும் வேகவைக்கும்.

முதுகெலும்பைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, கோழியைப் புத்தகம்போல் விரித்துச் சுட்டால் இன்னும் சீக்கிரம் வேகும், இன்னும் சீராக வேகும். ருசி ஒன்றை மட்டும் பார்த்தால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் மூடியைத் திறந்ததும் கேன்மேல் கம்பீரமாக நிற்கும் கோழியைப் பார்த்துக் குழந்தைகள் கூவுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு. விருந்தில் அதையும் குறைவாக எடைபோடக் கூடாது. கேனோடுதான் செய்வேன் என்றால் பீரை அறைவெப்பத்துக்கு வரவிட்டு, பாதிக்குக் கீழே குறைத்துவிட்டுச் செருகுங்கள்.

கறியில் பீரின் சுவை தெரிய வேண்டும். என்ன வழி?

மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் பீர் கறியைத் தொடுகிறது.

முதலாவது, பீர் கலந்த உப்புநீரில் ஊறவைப்பது. 355 மில்லி கேன் இரண்டு, தண்ணீர் ஒன்றேகால் லிட்டருக்குச் சற்று மேல், உப்பு 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 50 கிராம், நசுக்கிய பூண்டு ஒரு முழுக் கட்டி, தட்டிய மிளகு, இரண்டு பிரிஞ்சி இலை. தண்ணீரில் கொஞ்சத்தைச் சூடாக்கி உப்பையும் சர்க்கரையையும் கரைத்து, முற்றிலும் ஆறவிட்ட பிறகே பீரையும் கோழியையும் சேர்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். எடுத்ததும் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி, ஓர் இரவு மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துத் தோலை உலரவிடுங்கள். இந்த உலர்த்தலைத் தவிர்த்தால் தோல் மொறுமொறுப்பாகாது.

இரண்டாவது, பீர் மெருகு. ஒரு கேன் பீரை வாணலியில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, வெண்ணெய், தேன், கடுகு விழுது, ஆப்பிள் வினிகர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சேர்த்துக் குழம்புப் பதத்துக்குக் கொண்டுவந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் கோழியின்மேல் பூசுவது.

மூன்றாவது, சொட்டுத்தட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொஞ்சம் பீர் ஊற்றுவது. கோழிக்கொழுப்பு அதில் சொட்டிச் சொட்டி, அந்த உருளைக்கிழங்குக்காகவே சண்டை வரும்.

எந்த பீர் நல்லது?

கேனுக்குள் வைப்பதற்கு எதுவானாலும் ஒன்றுதான். இருப்பதிலேயே மலிவானதை எடுங்கள். உப்புநீருக்கும் மெருகுக்கும் தேர்வு முக்கியம். கசப்புக் குறைந்த லாகர், அம்பர் ஏல், பிரவுன் ஏல், போர்ட்டர் ஆகியவை பொருந்தும். ஐ.பி.ஏ (இந்தியா பேல் ஏல்) என்ற பீர் வகைகளில் ஹாப்ஸ் பூவின் கசப்பு அதிகம். சுண்டச் சுண்ட அந்தக் கசப்பு கூடிக்கொண்டே போகும். குடிக்க நன்றாக இருந்தாலும் மெருகுக்கு வேண்டாம்.

எப்படிப்பட்ட கோழி வாங்க வேண்டும்?

மூன்றரை முதல் நான்கு பவுண்டு வரை, அதாவது 1.6 முதல் 1.8 கிலோ வரை உள்ள தோலோடு கூடிய முழுக்கோழி. இதைவிடப் பெரிதானால் 22 அங்குல கெட்டிலின் மூடி இடிக்கும், வேகவும் நேரமாகும். தோலுரித்த கோழி இந்த முறைக்கு உதவவே உதவாது. கறியைக் காக்கும் கவசமே தோல்தான். தோல் நீக்கிய கோழியையே வாங்கிப் பழகியவர்கள் இதை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கடைகளில் சில கோழிகளில் உப்புநீரை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். அது உறையிலேயே எழுதியிருக்கும். அப்படிப்பட்ட கோழிக்கு மறுபடியும் உப்புநீர் வேண்டாம், கரித்துவிடும். காற்றால் குளிரூட்டிய கோழி என்று குறிப்பிட்டிருந்தால் விலை கூடினாலும் அதையே எடுங்கள். தண்ணீரில் மூழ்கவைத்துக் குளிரூட்டிய கோழியைவிட அதன் தோல் உலர்ந்திருக்கும்.

கழுவாமல் எப்படிச் சமைப்பது?

மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசாமல் கோழியைத் தொட நம் வீடுகளில் மனம் ஒப்பாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறை பச்சைக்கோழியைக் கழுவ வேண்டாம் என்றே சொல்கிறது. காரணம் எளியது: கழுவும்போது தெறிக்கும் துளிகளோடு சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் கிருமிகள் தொட்டிக்கும், பக்கத்தில் வைத்த சாலட் கீரைக்கும் போய்ச் சேர்கின்றன. கோழியில் இருப்பவற்றைக் கொல்வது நெருப்பு. உள்ளே இருக்கும் உறுப்புப் பையை எடுத்துவிட்டு, காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஒற்றியெடுங்கள். தோல் உலர்வதற்கும் அதுவே தொடக்கம்.

உப்புநீரில் ஊறவைக்க நேரமில்லை. வேறு வழி?

வெறும் உப்பு போதும். கோழியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 1.8 கிலோ கோழிக்கு 18 கிராம். முந்தின நாள் இரவே உள்ளும் புறமும் தடவி மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரோடு கறிக்குள் இறங்கும், காலையில் தோல் தாள்போல உலர்ந்திருக்கும். உப்போடு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கலந்து தடவினால் மொறுமொறுப்பு இன்னும் கூடும். உண்மையைச் சொன்னால், பீர் உப்புநீரைவிட இந்த எளிய முறையிலேயே எனக்கு நம்பிக்கை அதிகம். கோழியின் சொந்த ருசி நீர்த்துப்போகாமல் இருக்கிறது.

நம் மசாலாவைத் தடவலாமா?

அமெரிக்க முறையில் தடவும் உலர் மசாலாவில் பப்ரிகா, பழுப்புச் சர்க்கரை, பூண்டுத் தூள், வெங்காயத் தூள், மிளகு, கொஞ்சம் காய்ந்த மிளகாய்த் தூள் இருக்கும். சர்க்கரையை மட்டுப்படுத்துங்கள், 350 டிகிரியைத் தாண்டினால் கருகும்.

நம் பக்கத்து மணம் வேண்டும் என்றால் மிளகு, சீரகம், தனியா, சோம்பு ஆகியவற்றை வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துத் தடவலாம். ஹிக்கரி மரத்தின் புகையும் மிளகும் அவ்வளவு அழகாகச் சேரும். தயிர், இஞ்சி பூண்டு விழுது போன்ற ஈரமான பூச்சு மட்டும் இங்கே வேண்டாம். தந்தூரி அடுப்பின் கடுஞ்சூட்டில் அது நொடியில் உலர்ந்துவிடும். 350 டிகிரி கிரில்லில் தோலை நனைத்துக்கொண்டே இருக்கும். விழுது வேண்டுமென்றால் தோலை மெல்லத் தூக்கி, அதற்கும் கறிக்கும் இடையில் தடவுங்கள்.

கரி கிரில்லில் நெருப்பை எப்படி அமைப்பது?

இதில்தான் கைப்பழக்கம் தேவை. 22 அங்குல கெட்டிலுக்கு ஐம்பது பிரிக்கெட் கரி (கரித்தூளை ஒரே அளவில் அழுத்திச் செய்த கட்டிகள்) எடுத்து, கரி பற்றவைக்கும் உருளையில் போட்டு, அடியில் கசக்கிய செய்தித்தாளை வைத்துப் பற்றவையுங்கள். பற்றவைக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அதன் மண்ணெண்ணெய் வாடை தோலில் ஏறிவிடும். மேலுள்ள கரியில் சாம்பல் படர்ந்ததும் பக்கத்துக்கு இருபத்தைந்தாகக் கெட்டிலின் இரு ஓரங்களிலும் கொட்டி, நடுவில் அலுமினிய சொட்டுத்தட்டை வையுங்கள். கோழி நிற்க வேண்டியது அந்தத் தட்டுக்கு நேர் மேலே.

கீழுள்ள காற்றுத்துளைதான் நெருப்பின் கடிவாளம். திறந்தால் சூடு ஏறும், குறுக்கினால் இறங்கும். மூடியிலுள்ள துளையைச் சமைத்து முடிக்கும்வரை முழுதாக மூடாதீர்கள். புகை வெளியேற வழியில்லாமல் தேங்கினால் கோழி கசக்கும். ஒரு மணி நேரம் கடந்தால் பக்கத்துக்கு எட்டுக் கரியாகச் சேர்க்கலாம். அதற்கு மேல் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறுகிறது, உள்ளே பாயும் காற்றால் கரியும் வெறிகொண்டு எரிகிறது.

கட்டைக்கரி நல்லதா, பிரிக்கெட் நல்லதா என்பது முடிவில்லாத விவாதம். கட்டைக்கரி சீக்கிரம் சூடேறும், சாம்பல் குறைவு, ஆனால் துண்டுகள் ஒரே அளவில் இராது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எண்ணிப் போட வசதியான பிரிக்கெட்தான் என் பரிந்துரை.

கேஸ் கிரில்லில் முடியாதா?

முடியும். மூன்று பர்னர் இருந்தால் நடுவிலுள்ளதை அணைத்துவிட்டு அங்கே கோழியை நிறுத்துங்கள். மரச்சீவல்களை அலுமினியத் தாளில் பொதிந்து, நாலைந்து துளையிட்டு, எரியும் பர்னரின் மேல் வையுங்கள். புகை கரி அளவுக்குச் செறிவாக வராது. மற்றதெல்லாம் அதேதான்.

எந்த மரத்தின் புகை?

கோழி மென்மையான கறி, புகையைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும். ஆப்பிள், செர்ரி, பீக்கன் ஆகியவை இதமானவை. செர்ரி, தோலுக்கு நல்ல செந்நிறமும் தரும். டென்னசி, ஆர்க்கன்சாஸ் பக்கத்தார் விரும்பும் ஹிக்கரி கொஞ்சம் முரட்டுத்தனமானது. முட்டி அளவில் இரண்டு துண்டு போதும்.

டெக்சஸில் பேர்போன மெஸ்கீட் மரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. ராமநாதபுரம், விருதுநகர் பக்கங்களில் காடாய் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் டெக்சஸ் மெஸ்கீட்டும் நெருங்கிய உறவுகள். அங்கே மூட்டம் போட்டு எடுக்கும் கரிக்கு எப்படி உக்கிரமான சூடோ, இதற்கும் அப்படியே. மாட்டிறைச்சியை வேகமாகச் சுட அது பொருந்தும். ஒன்றரை மணி நேரம் மூடிவைத்த கோழிக்கு அதன் புகை காட்டமாகிவிடும்.

பைன், தேவதாரு போன்ற பிசின் மரங்களையும், பெயின்ட் அடித்த பலகைகளையும், சரக்குப் பெட்டி மரத்தையும் ஒருபோதும் போடக் கூடாது.

மரத்துண்டை ஊறவைக்க வேண்டுமா?

வேண்டாம். காய்ந்த மரத்துக்குள் தண்ணீர் சில மணி நேரத்தில் மேலோட்டமாகத்தான் இறங்கும். அந்த ஈரம் ஆவியாகித் தீரும்வரை நல்ல புகை வராது, அவ்வளவுதான் பலன்.

புகை வெள்ளையாகக் குபுகுபுவென்று வருகிறது. நல்லதுதானே?

நல்லதல்ல. அடர்ந்த வெண்புகை, மரம் சரியாக எரியாமல் மூச்சுத்திணறுவதன் அறிகுறி. அதிலுள்ள கசப்புப் பொருள்கள் தோலில் படிந்தால் நாக்கு மரத்துப்போகும். மெல்லிய நீலநிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இழையோடும் புகைதான் வேண்டும். மரத்துண்டைப் போட்டதும் கோழியை வைத்துவிடாமல், வெண்புகை தெளியும்வரை ஐந்து பத்து நிமிடம் பொறுத்திருங்கள். தெளியாவிட்டால் கீழ்த்துளையைத் திறந்து காற்றைக் கூட்டுங்கள். புகையைச் செலவழிக்க வேண்டியது சமையலின் முதல் பாதியில்தான். குளிர்ந்து, சற்றே ஈரமாக இருக்கும் கறியில்தான் புகை நன்றாகப் பிடிக்கும்.

எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம்?

கிரில்லின் உள்வெப்பம் 325 முதல் 350 டிகிரி வரை இருக்கட்டும். 163 முதல் 177 செல்சியஸ். நான்கு பவுண்டுக் கோழிக்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பன்றித்தோளையும் மாட்டு நெஞ்சையும் 225 டிகிரியில் நாள்முழுக்கப் புகையூட்டும் பார்பிக்யூ மரபைப் பார்த்துவிட்டு, கோழிக்கும் அதே சூட்டை வைப்பவர்கள் நிறைய. அந்த இறைச்சிகளில் கெட்டியான இணைப்புத் திசு கரைய அத்தனை நேரம் தேவைப்படுகிறது. இளங்கோழியில் கரைக்க வேண்டிய திசு அவ்வளவு இல்லை. குறைந்த சூட்டில் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு உருகாமல் தங்கி, தோல் ரப்பராக இழுபடும். புகைச்சுவை கூடுதலாக வேண்டுமென்றால் முதல் அரைமணி நேரம் 250இல் வைத்துவிட்டு, பிறகு காற்றுத்துளைகளை முழுதாகத் திறந்து சூட்டை ஏற்றுங்கள்.

இறக்கை நுனிகளை முதுகுப்பக்கம் மடக்கிச் செருகிவிட்டால் கருகாது. கழுத்துத் துளையை ஒரு வெங்காயத் துண்டால் அடைப்பவர்கள் உண்டு. ஆவியே எழாதபோது அடைத்துப் பயனில்லை.

வெந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

உடனடியாகக் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே செலவு இதுதான். நெஞ்சின் மிகத் தடித்த இடத்திலும், தொடை உடலோடு சேரும் உட்பக்கத்திலும் எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு 165 டிகிரி. நெஞ்சுக்கு அது போதும், தாண்டினால் வறளும். தொடையும் காலும் 175 முதல் 180 வரை போனால்தான் எலும்பிலிருந்து இலகுவாகக் கழன்று வரும். கேன் உள்ளே இருந்தால் அதை ஒட்டிய உட்புறக் கறியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், கடைசியாக வேகும் இடம் அதுவே.

கிரில் மூடியில் பதித்திருக்கும் முள்மானியை நம்ப வேண்டாம். அது காட்டுவது மூடிக்கடியிலுள்ள சூட்டை. கோழி நிற்கும் இடத்தின் சூடு வேறு. சாறு தெளிந்து வந்தால் வெந்துவிட்டது என்ற பழைய அடையாளமும் உறுதியானதல்ல.

165 காட்டுகிறது, ஆனாலும் கறி இளஞ்சிவப்பாக இருக்கிறதே?

புகையிலுள்ள வாயுக்கள் கறியின் நிறப்புரதமான மையோகுளோபினோடு சேர்ந்து தோலுக்கடியில் இளஞ்சிவப்பு வளையத்தை உண்டாக்கும். இளங்கோழியின் எலும்பு மச்சையிலிருந்து கசியும் நிறமும் எலும்பை ஒட்டிச் சிவப்பாகத் தெரியும். தெர்மாமீட்டர் சரியாகக் காட்டினால் அச்சமில்லாமல் சாப்பிடலாம்.

கேனிலுள்ள மையும் பூச்சும் உடம்புக்குக் கேடல்லவா?

அலுமினியம் 660 செல்சியஸில்தான் உருகும், ஆகவே கேன் உருகாது. ஆனால் வெளியே அச்சு மை, உள்ளே பிளாஸ்டிக் படலம் உண்டு. அவை குளிர்பானம் வைக்கச் செய்தவை, அடுப்பில் ஏற்றச் செய்தவையல்ல. குழந்தைகள் சாப்பிடும் உணவு என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியையே நான் சொல்வேன். எதை வைத்தாலும் திறக்காத கேனை மட்டும் நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். வெடிக்கும்.

கோழியைக் கவிழாமல் எடுப்பது எப்படி?

பலரும் கை சுட்டுக்கொள்ளும் கட்டம் இது. கேனில் கொழுப்பு மிதக்கும் சுடுபீர் இருக்கிறது. கோழி சாய்ந்தால் அது கால்மேல் கொட்டும். வெப்பம் தாங்கும் கையுறை போட்டுக்கொண்டு, தாங்கியின் அடித்தட்டைப் பிடித்து நிமிர்ந்த நிலையிலேயே தூக்கித் தட்டில் வையுங்கள். நின்றபடியே பத்துப் பதினைந்து நிமிடம் ஆறட்டும். பிறகு ஒருவர் கேனை இடுக்கியால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கோழியை மேலே உருவவேண்டும். குழந்தைகளையும் நாயையும் அந்த நேரத்தில் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை. என்ன செய்வது?

கம்பித் தாங்கியில் வெறுமனே நிறுத்துங்கள், ஒரு குறையும் வராது. உப்புநீருக்குத் தண்ணீர் அல்லது ஆப்பிள் சாறு போதும். விருந்தாளிகளுக்குப் பரிமாறுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள்: கேனிலிருக்கும் பீர் கறிக்குள் போவதில்லை என்றாலும், பீர் உப்புநீரில் ஊறிய கோழியிலும் பீர் மெருகிலும் மது சிறிதளவு மிஞ்சும். அடுப்பில் வைத்ததும் மது முழுதாகப் பறந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. சமய நம்பிக்கையாலோ மருத்துவக் காரணத்தாலோ தவிர்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அபார்ட்மென்ட் பால்கனியில் செய்யலாமா?

கூடாது. அமெரிக்காவின் பல ஊர்களில் மரத்தாலான பால்கனியிலும், கட்டடத்திலிருந்து பத்து அடிக்குள்ளும் கரி கிரில் மூட்டுவதைத் தீயணைப்பு விதிகள் தடை செய்கின்றன. மழை வந்தாலும் கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாமலேயே ஆளைக் கொல்லும். குடியிருப்பில் பொதுக் கிரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பூங்காவுக்குப் போகலாம். சாம்பலை இரண்டு நாள் ஆறவிட்டு, உலோகத் தொட்டியில் கொட்டுங்கள்.

தொட்டுக்கொள்ள என்ன?

தக்காளிச் சாறும் வெல்லப்பாகும் சேர்ந்த இனிப்பு பார்பிக்யூ சாஸ் எங்கும் கிடைக்கும். ஆனால் புகைக்கோழிக்கென்றே பிறந்த சாஸ் ஒன்று இருக்கிறது: வட அலபாமாவின் வெள்ளை சாஸ். டிகேட்டர் நகரில் 1925இல் பிக் பாப் கிப்சன் தொடங்கிய உணவகத்திலிருந்து பேர்பெற்றது. மயோனைஸ், வினிகர், எலுமிச்சைச் சாறு, தாராளமாக மிளகு, உப்பு. புகைக்கூண்டிலிருந்து வந்த கோழியை அங்கே அப்படியே அந்தச் சாஸில் முக்கியெடுப்பார்கள். புளிப்பும் காரமும் சேர்ந்த இது நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். பக்கத்தில் முட்டைகோஸ் சாலட், சோள ரொட்டி, சுட்ட மக்காச்சோளம் இருந்தால் நிறைவான சாப்பாடு.

மிச்சம் இருந்தால்?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போகவேண்டும். வெயில் 90 டிகிரியைத் தாண்டிய நாளானால் ஒரு மணி நேரத்துக்குள். மூன்று நான்கு நாள் தாங்கும். கறியை உதிர்த்து வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூளோடு வதக்கினால் புகைமணத்தோடு அருமையான பொரியல் கிடைக்கும். எலும்புக்கூட்டை எறியாதீர்கள். இரண்டு மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தச் சாற்றில் மிளகு ரசம் வைக்கலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள், எலும்பிலேயே கொஞ்சம் இருக்கிறது.